மிசுக் அக்காவின் ஏழு முடிச்சுகள்

செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் ஒரு கலியாண மண்டபத்தில் ஏணியின் உச்சிப்படியில் நின்றிருந்தேன். மணவறையின் மேல்விளிம்பில் மடிப்புப் பிடித்துத் துணி கட்டுகிற வேலை. வாயில் எட்டுப் பத்துக் குண்டூசிகள். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு "ம்" என்றேன். பேசியது டானியல், மிசுக் அக்காவின் மகன். "அம்மா இன்று காலையில் போய்விட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி அழுவது? துப்பவும் முடியாது, கீழே பூக்கட்டுகிற பிள்ளை இருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகுதான் எனக்கு அழக் கிடைத்தது. அக்கா இதைப் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் வாசிக்கலாம், அவர் ஒருவரையும் வாசலில் நிறுத்தி வைத்தவர் அல்ல. கொரியாவின் தெற்கே ஒரு தீவில் பிறந்தவர். ரொறன்ரோவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உடுப்பு வெளுக்கும் கடை நடத்தினார். ஐம்பத்தைந்து வயதில் கடையை விற்றுவிட்டு, "இனி நான் ஆர்ட்டிஸ்ட்" என்று அறிவித்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவில் இருந்த என் கடைக்குப் பக்கத்து யூனிற்றை வாடகைக்கு எடுத்தார். நான் பாலன். மட்டக்களப்பான். முப்பது வருடமாக இந்த நகரத்துத் தமிழர்களுக்கு மணவறை கட்டுகிறேன்.

முதல் நாள் ஏணி இரவல் கேட்டு வந்தார். கடையின் நடுவில் பாதி முடிந்த மணவறை ஒன்று நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இது எந்தச் சாமியின் வீடு?" என்று கேட்டார்.

"பொம்பிளையும் மாப்பிள்ளையும்தான் சாமி. ரெண்டு மணித்தியாலத்துக்கு மட்டும்" என்றேன்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பை முதன்முதலாகக் கேட்டேன். உங்களுக்குத் தெரியுமே, பிளாசாவின் மறுகோடியில் இருக்கும் தலைமயிர் வெட்டுகிறவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற சிரிப்பு. "எங்கட ஊரிலயும் கடதாசிப் பூவால சாமிக்கு வீடு கட்டுவம். நீயும் நானும் ஒரே தொழில்காரர்" என்றார். ஏணி திரும்பி வர ஐந்து மாதம் ஆனது.

அவர் பேசியது கொரிய ஆங்கிலம். நான் பேசியது மட்டக்களப்பு ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவருக்கு ஆட்சேபணை இருந்தால் கனவில் வந்து சொல்லட்டும்.

அவருடைய சின்னம்மா அந்தத் தீவில் முடாங்காக இருந்தவர். செத்தவர்களையும் தெய்வங்களையும் மேளத்தோடு கூப்பிட்டு, அவர்களுடைய மனக்குறையைக் கேட்டு, சோறு கொடுத்து, சிரிக்கவைத்து அனுப்பி வைக்கிறவருக்குத்தான் கொரியர்கள் அப்படிப் பெயர் சொல்வார்கள். எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் சடங்கு நடத்துகிற கட்டாடியாரிடம் சொன்னால் "ஓம், எனக்குத் தெரியும்" என்று தலையாட்டுவார். அக்காவின் குடும்பம் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தச் சின்னம்மாவைப் பற்றி வீட்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அக்காவின் கலை முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. "அப்ப நீங்களும் முடாங்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லவே இல்ல. சாமி என்னட்ட வந்ததே இல்ல. வந்திருந்தாலும் நான் கடையில நிண்டிருப்பன், வீட்டில ஆளில்ல எண்டு திரும்பிப் போயிருக்கும்" என்றார்.

அவருடைய முதல் கண்காட்சியைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். வெளுக்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து எடுக்காத உடுப்புகளை அவர் கடை விற்றபோது எறியவில்லை. முந்நூறுக்கு மேல் இருந்தன. அவற்றைக் கம்பிகளில் தொங்கவிட்டு, மேளம் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த உடுப்பாகவே பேசுவார். முடாங் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒவ்வொரு அங்கி மாற்றுகிற வழக்கம் அப்படி இங்கே வந்து சேர்ந்தது. ஒரு நீலக் கோட் சொல்லும்: "என்னை நேர்முகத் தேர்வுக்குப் போட வாங்கினான். வேலை கிடைக்கல்ல. வெட்கத்தில என்னை எடுக்க வரல்ல. அட மடையா, எனக்கென்ன வெட்கம்?" சனம் சிரிக்கும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒரு மனிதர் மூக்கைச் சிந்துவார். என் மனைவி கமலா முதல் பத்து நிமிடம் "இதுக்கா என்னை டவுன்ரவுனுக்கு இழுத்து வந்தீங்க?" என்று முறைத்தாள். பிறகு, ஒரு சிவப்பு ஸ்கார்ஃப் பேசியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று வீடு திரும்பும் வழியில் நான் ஆகாகா ஓகோகோ என்று புகழ்ந்தேன், அழ வைத்துவிட்டீர்கள் என்று. என் வான் வண்டியின் முன்சீற்றிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்தார். "அழ வைக்கிறது ஒரு பெரிய வேலையா? அதை வெங்காயமும் செய்யும். அழுறவனைச் சிரிக்க வைச்சுப் பார், அப்ப தெரியும்."

இனிச் சொல்லப்போவது எனக்கு லேசான கதை இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதினால் அது பொய்.

ஒரு பெப்ரவரி மாதம் அவர் பக்கத்து யூனிற்றில் ஜாங்கு பழகத் தொடங்கினார். ஜாங்கு என்பது கொரியர்களின் மேளம். எங்கள் உடுக்கைப் பெருப்பித்துப் படுக்கவைத்தால் எப்படியோ, அப்படி. நடுச்சுவர் மெல்லிய சுவர். மேளம் ஏற ஏற நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, ஜக்கெற்கூட இல்லாமல் பார்க்கிங் லொட்டுக்கு ஓடினேன். மூன்றாவது நாள் அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

"பாலா, உனக்கென்ன விசரா? இந்தக் குளிரில சாகப்போறியா?"

"சிகரெட் குடிக்க வந்தனான், அக்கா."

"எங்க சிகரெட்?"

என்னிடம் இல்லை. வாழ்நாளில் நான் குடித்ததும் இல்லை. பொய் சொல்வதற்கும் ஒரு ஆயத்தம் வேண்டுமே! அதனால் உண்மையைச் சொன்னேன். அப்போது எனக்கு இருபது வயது, ஊரில் போர்க்காலம். ஊர் அம்மன் கோயில் சடங்கு. பறையும் உடுக்கும் உச்சத்தில். நான் உருவேறி ஆடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கோயில் வெளிவீதியில் என் அண்ணன் சிவத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் மூன்று தரம் "பாலா!" என்று கூப்பிட்டான் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். மேளத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மேளம் உச்சத்துக்குப் போனால் எனக்குக் கால் நிற்காது. மணவறை கட்டுகிறவன் நான், ஆனால் ஒரு கலியாணத்தில்கூடக் கெட்டிமேளம் கேட்கும்போது உள்ளே நின்றதில்லை. வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவேன். கமலாவுக்கே நான் முழுதாகச் சொல்லாத கதை இது.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை, தோளைத் தட்டவில்லை. "நான் இனிமேல் பன்னிரண்டு தொடக்கம் ஒரு மணி வரைக்கும்தான் அடிப்பன். அந்த நேரம் நீ ரோட்டுக்கு அங்கால இருக்கிற கடையில போய்ச் சாப்பிடு. அங்க சூப் நல்லம்" என்றார். அவ்வளவுதான். ஒரு வருடம் முழுக்க நான் மத்தியானம் அங்கே சூப் குடித்தேன். என் காற்சட்டை இடுப்பு இறுகியதற்கு அவர்தான் பொறுப்பு.

அந்த வருடக் கடைசியில் என் மகள் தர்சினிக்குக் கலியாணம் சரிவந்தது. பதினைந்து வயதிலிருந்து என்னோடு பூ வேலைக்கு வந்தவள், ஒன்றும் தெரியாத பிள்ளையல்ல. ஒருநாள் சமையலறையில் வைத்துக் கேட்டுவிட்டாள். "அப்பா, ஐ நோ. தாலி கட்டுற நேரம் நீங்க எப்பவும் வெளியில. ஏன் எண்டு கேட்கல்ல. பட், என்ட கலியாணத்திலயும் அப்பிடியா? ஜஸ்ட் டெல் மீ." நான் "சீச்சீ, என்ன கதை இது" என்றேன். அவள் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. பெற்ற பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும் நேரம் தகப்பன் பார்க்கிங் லொட்டில் நின்றான் என்றால், அதைவிடக் கேவலம் வேறென்ன?

அக்காவிடம் போனேன். "ஏதாவது செய்யுங்க" என்று கெஞ்சினேன். அப்போது சொன்னதை நான் இன்றைக்கும் பலபேருக்குச் சொல்கிறேன். "பாலா, நான் வைத்தியம் பார்க்கிறவள் இல்ல, உடுப்பு வெளுத்தவள். கறை போனா நல்லம். போகாட்டி, கறை எந்த இடத்தில எண்டு காட்டித் திருப்பிக் குடுப்பன்." சொல்லிவிட்டு ஒரு பெரிய பையை என் மேசையில் கொட்டினார். எல்லாம் எடுக்க வராத வெள்ளைச் சேர்ட்டுகள். "இப்ப வேலையைப் பார். இந்த முதுகுத் துணியெல்லாம் வெட்டி, நாப்பது மீற்றருக்கு ஒரே துணியாத் தைச்சுத் தா."

அடுத்த கண்காட்சிக்கான வேலை அது. அவர் ஊர்ச் சடங்கில் ஒரு நீள வெள்ளைத் துணியில் ஏழு முடிச்சுப் போடுவார்களாம். ஒவ்வொரு முடிச்சும் செத்தவர் நெஞ்சில் இறுகிக் கிடக்கிற ஒரு குறை. முடாங் ஆடியபடி துணியைச் சுண்டச் சுண்ட முடிச்சு அவிழும். அவிழும்வரை மேளம் நிற்கக்கூடாது. இது கட்டாயம். மேளம் பாதியில் நின்றால் குறை அங்கேயே தங்கிவிடும் என்பது அவர்களுடைய வழக்கம்.

தைத்தேன். அவர் காட்டித் தந்தபடி ஏழு முடிச்சும் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், ஐயோ, எல்லாம் தொளதொளவென்று கிடக்கின்றன! தொட்டால் கழன்றுவிடும். மணவறைக்காரன் கண்ணுக்கு இது பொறுக்குமா? முகூர்த்த நேரத்தில் ஒரு முழம் பூச்சரம் கழன்று விழுந்தால் பொம்பிளையின் பெரியம்மா என்னை உயிரோடு தின்றுவிடுவார். பாவம், அக்காவுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று நினைத்தேன். நைலோன் நூல் எடுத்து, வெளியே தெரியாமல், ஏழு முடிச்சையும் இறுக்கித் தைத்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக்காட்டக்கூடாது அல்லவா?

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கலரிக் கூடம் நிறையச் சனம். கமலாவும் தர்சினியும் முன்வரிசையில். ஜாங்கு அடித்தவர் ஒரு பல் வைத்தியர். கிழமை நாட்களில் பல் பிடுங்குவார், சனி ஞாயிறு மேளம். அவர் கையைத் தூக்கியதுமே நான் நழுவி வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். மேளம் ஏறியது. ஏறியது, ஏறியது, இறங்கவே இல்லை. ஒரு முடிச்சு அவிழ இவ்வளவு நேரமா என்று யோசித்தேன். அப்போது அந்த மேளத்துக்கு மேலால், பொத்திய கைகளையும் தாண்டி, என் பெயர் கேட்டது.

"பாலா!"

அக்காவின் குரல். இரண்டாம் தரமும் கேட்டது. "பாலா!" மூன்றாம் தரம் கூப்பிட நான் விடவில்லை. அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே ஓடினேன். எப்படி ஓடினேன், மேளம் எப்போது என்னைச் சுற்றிக்கொண்டது என்று தெரியாது. அக்கா விழவில்லை. நடுக்கூடத்தில் வேர்த்து விறுவிறுத்து, முதலாம் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிக்கொண்டிருந்தார். அது மலை மாதிரி அசையாமல் இருந்தது. பல் வைத்தியர் நிறுத்த முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்; மனிதருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"என்ன செய்து வைச்சிருக்கிறாய் நீ?"

"தைச்சிற்றன், அக்கா."

"ஏன்?"

"கழண்டு விழுந்திரும் எண்டு!"

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு. துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டார். சனத்துக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார்: "இவர் கலியாணக்காரர். இவர் கட்டியது ஒன்றும் கழலாது." கலரியே சிரித்தது. என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நானும் தரையில் குந்தினேன். மேளம் என் காதடியில். முதலாம் முடிச்சு, இரண்டாம் முடிச்சு. நான் நூலை வெட்ட வெட்ட அவர் சுண்டினார். ஒவ்வொன்று அவிழும்போதும் சனம் கை தட்டியது. ஐந்தாவதில் மேளம் தாங்காமல் எழும்பப் பார்த்தேன். அக்கா என் முழங்கையைப் பிடிக்கவில்லை. "போறதெண்டாப் போ. ஆனா அந்தாள் நிப்பாட்ட ஏலாது, பாவம், நாளைக்குக் கிளினிக்" என்றார். நான் இருந்துவிட்டேன்.

ஏழாவது முடிச்சில் அவர் என் பக்கம் குனிந்தார். "உன்ட அண்ணன் எப்பிடிப்பட்ட ஆள்?"

முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எப்படிப் போனான் என்றுதான் கேட்பார்கள். "பகிடிக்காரன்" என்றேன். "ஊரில பெரிய பகிடிக்காரன்."

"இப்ப உன்னைப் பார்த்தா என்ன சொல்லுவார்? நான் அவரா நடிக்க மாட்டன். நீ சொல்லு."

யோசிக்கவே தேவைப்படவில்லை. அவன் குரல் அப்படியே வந்தது. எழும்பி நின்று மேளத்துக்கு மேலால் தமிழில் கத்தினேன்: "டேய் பாலா! கட்டத் தெரிஞ்ச நாய்க்கு அவுக்கத் தெரியாதோடா?"

அந்தக் கூட்டத்தில் அது விளங்கியது இரண்டே பேருக்கு. கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தர்சினி சத்தமாகவே சிரித்தாள், கண்ணில் நீர் ஓட ஓட. விளங்காத சனமும் சேர்ந்து சிரித்தது. நூலை வெட்டினேன். அக்கா சுண்டினார். அவிழ்ந்தது. பல் வைத்தியர் மேளத்தின் மேலேயே கவிழ்ந்தார்.

அதற்குப் பிறகு அந்தத் துணி எங்கே போனாலும் முடிச்சுகளைத் தைத்தே தரச் சொன்னார். "உன்ட பிழைதான் என்ட வேலையில நல்ல இடம். கழட்ட மறந்திராத, தைக்கவும் மறந்திராத" என்பார். நான் கூடவே போய் வெட்டினேன்.

கலியாணம் மே மாதம். மணவறை நானே கட்டினேன். என் மகளுக்கு வேறொருவன் கட்ட விடுவேனா? ஐயர் கையைக் காட்டினார். தவிலும் நாதஸ்வரமும் கெட்டிமேளத்துக்குத் தாவின. எனக்குக் கால் பதறத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் அக்கா மன்னிக்கமாட்டார். கூட்டத்தில் அவரைத் தேடினேன், ஒரு பார்வையாவது தரமாட்டாரா என்று. அவர் ஐந்தாம் மேசையில் இருந்து உளுந்துவடையில் சட்னி தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கால் பதறியதை மறந்துவிட்டேன். திரும்பினேன். மாப்பிள்ளையின் கை தர்சினியின் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் மணமகனைப் பார்க்கவில்லை. நான் நிற்கிறேனா என்று என்னைப் பார்த்தாள். நின்றேன். அவ்வளவு சத்தத்திலும் அவள் "அப்பா" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிறகு அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "ஒருக்காவாவது பார்த்திருக்கக்கூடாதா?" அவர் இரண்டாவது வடையை முடித்துக்கொண்டே சொன்னார்: "அது உன்ட மேளம், நீ கேட்டாய். நான் பார்த்திருந்தா என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பாய், பிள்ளையை விட்டிட்டு."

அவருடைய இறுதி ஆராதனை தேவாலயத்தில் நடந்தது. டானியல் பக்தியுள்ள மனிதர். தாயின் கலை அவருக்குக் கடைசிவரை பயத்தைத்தான் தந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு மெதுவான பாட்டு. ஜெபம் அமைதியான ஜெபம். நான் பின்வரிசையில் கமலாவோடு இருந்தேன். நேரம் போகப் போக எனக்குள் ஒரு பதகளிப்பு. என்னவென்று பிடிபடக் கொஞ்சநேரம் எடுத்தது. வாழ்நாள் முழுக்க மேளத்துக்குப் பயந்து ஓடியவன், இப்போது ஒரு மேளம் அடிக்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறேன்! என்னை அறியாமல் விரல்கள் நான் இருந்த வாங்குப் பலகையின் விளிம்பில் தட்டத் தொடங்கியிருந்தன. கமலா தொடையில் கிள்ளினாள். "சும்மா இரிங்க, சேர்ச்." முடிந்து வெளியே வந்தபோது டானியல் என் கையைப் பிடித்து, "நீங்கள் தட்டியது கேட்டது" என்றார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார். அப்போதுதான் அந்த முகத்தில் தாயின் சிரிப்பைக் கண்டேன். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். அது பெரிய வேலை என்று அக்கா சொன்னது சரிதான்.

அவர் எனக்கு என்ன விட்டுச் சென்றார் என்று பலர் கேட்கிறார்கள். துணி ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, ஜாங்கு பல் வைத்தியரிடம். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும். மேளம் ஏறுகிற நேரம் பார்த்து, கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு, மணவறைக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் நிற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனில் ஒரு கலியாணம். யாரோ பெற்ற பிள்ளைகள், எனக்கு உறவுமில்லை சொந்தமுமில்லை. கெட்டிமேளம் முழங்கியது. நான் முன்னால் போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பின்னாலிருந்து வீடியோ எடுக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி கத்தினான்:

"அண்ணை! தாலி கட்டுற நேரம் குறுக்கால நிக்கிறீங்கள், கொஞ்சம் வெளியில போங்கோ!"

நான் போகவில்லை.